இருபத்து நாலாவது மணி ரீடிங்

கறார் சார் அந்த கிராஃப் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மண் பரிசோதனை லேபில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் அது.

"வளைவு ரொம்ப அழகா இருக்கே" என்றார்.

தாளை வரைந்த மாணவன் தூங்குமூஞ்சி; அதுவும் பிள்ளைகள் வைத்த பெயர்தான். கறார் சார் ஒன்றைப் பாராட்டினால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

இருக்கவும் இருந்தது. உயரமான கண்ணாடி ஜாடியில் களிமண்ணைக் கரைத்து வைத்து, மண் படியப் படிய அதில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்துக்கு ஆரம்பித்தார்கள். கடைசி ரீடிங், இருபத்து நாலு மணி நேரம் கழித்து. அதாவது ஞாயிறு. குழுவின் நாலு பேரும் சீட்டுக் குலுக்கியதில் அந்த வேலை இவன் தலையில் விழுந்தது.

இவன் கண் விழித்தபோதே மணி பன்னிரண்டரை. பென்சிலால் வளைவைக் கொஞ்சம் நீட்டினான். அது போய் நின்ற இடத்தில் ஆறரை என்று எழுதிவிட்டான்.

"மண்ணு இவ்வளவு ஒழுங்கா படம் போடாது. ஞாயித்துக்கிழமை வந்தியா?"

"வந்தேன் சார்."

லேப் சாவி அட்டெண்டரிடம்தான் இருக்கும். சார் அவரைக் கூப்பிட்டு, இவன் வந்தானா என்று கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

சல்லடை கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் நிமிராமலே, "வந்தார் சார். பத்து மணிக்கு நான்தான் திறந்துவிட்டேன்" என்றார்.

தூங்குமூஞ்சி திரும்பி அவரையே பார்த்தான்.

அதன்பின் கறார் சார் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார். ஒரு பொய் எண்ணை நம்பி நாளைக்கு யாரோ நாலு மாடி கட்டுவார்கள், அது சாயும்போது பென்சில் வந்து முட்டுக் கொடுக்காது என்றார்.

மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வார்த்தை பேசிய பழக்கம்கூட இல்லாத மனுஷன், தனக்காகப் பொய் சொல்லிவிட்டாரே. எழுந்து நேரே சாரின் அறைக்குப் போனான்.

"சார், நான் ஞாயித்துக்கிழமை வரவே இல்ல. அந்த ஆறரை நானா எழுதினது. அட்டெண்டர் அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. என்மேல பரிதாபப்பட்டுத்தான் அப்படிச் சொல்லிட்டார்."

கறார் சார் விடுமுறைப் பணிப் பதிவேட்டோடு அட்டெண்டரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வந்தவர் விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்தார்.

"பரிதாபமெல்லாம் இல்ல சார். வரலைன்னு நான் சொன்னா, லேப் பூட்டிக் கிடந்துச்சுன்னு இவர் சொல்லிருவாரோன்னு பயந்துட்டேன். நானும் வரல சார். ஞாயித்துக்கிழமைக்குப் பதிலா ஒரு நாள் லீவு கிடைக்குமேன்னு, சனிக்கிழமை சாயந்திரமே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்."

தூங்குமூஞ்சிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினான்.

கறார் சார் பதிவேட்டைப் பிரித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து அட்டெண்டரின் கையெழுத்துமேல் ஒரு கோடு இழுத்தார்.

"வர்ற சனிக்கிழமை முதல்லேர்ந்து ஆரம்பி. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மூணு பேரும் இங்க இருக்கணும்."

தான் ஒன்று, அட்டெண்டர் ரெண்டு. மூணாவது யார் என்று தூங்குமூஞ்சிக்குப் புரியவில்லை.

சார் பேனாவை இன்னும் மூடவில்லை. 'காலை பத்து முதல் பன்னிரண்டு வரை உடனிருந்து மேற்பார்வையிட்டேன்' என்று அடுத்த வரியில் முன்பே எழுதியிருந்தது. அதன் கீழே அந்த ஞாயிறுக்குத் தான் போட்டிருந்த கையெழுத்தின்மேலும் ஒரு கோடு இழுத்தார்.