பூட்டிய வீட்டில் விளக்கு

"பூட்டின வீட்டுக்குள்ள விளக்கு எரியுது சார். ஜன்னல் வழியா நானே பார்த்தேன்."

ஆபீஸுக்குள் நுழைந்ததுமே சொன்னாள் டீமின் வடிவமைப்பாளர். தனியாக இருந்த அவள் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுச் சாவி அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

எரிவது சாதாரண விளக்கில்லை. இந்த டீம் தயாரிக்கும் ஜோடி விளக்கு. ஒன்றைத் தொட்டால், எங்கோ இருக்கும் அதன் ஜோடி இன்டர்நெட் வழியாக எரியும். சோதனைக்காக ஒன்றை அப்பா வீட்டில் வைத்திருந்தாள். ஜோடி அவளிடம்.

"என் சர்க்யூட் தங்கம்," என்றார் எலெக்ட்ரானிக்ஸ்காரர். "எல்லாம் இவன் ஆப் பண்ற கூத்து."

அடுத்தவர் தலையில் கட்டுவது அங்கே புதிதல்ல. ஆப் எழுதும் உம்மணாமூஞ்சி வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

"தினமும் சாயங்காலம் எரியுதாம். பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் சொன்னாங்க. அப்பா உட்கார்ற நாற்காலி மேல மட்டும் வெளிச்சம் விழுது சார்."

"உன்கிட்ட இருக்கிறதை யாராவது தொட்டிருப்பாங்கம்மா. எங்கே அது?"

அவள் தயங்கினாள். பிறகு மேசையின் அடி டிராயரை இழுத்தாள். வயர் சுற்றியபடி, தூசி படிந்து கிடந்தது விளக்கு.

எலெக்ட்ரானிக்ஸ்காரர் வயரைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குக் கரண்டே இல்லையே! அப்போ தொட்டது யாரு?"

 

"அப்பா தொடுறப்பல்லாம் மீட்டிங் நடுவுல மின்னிட்டே இருந்துச்சு, கழட்டி வச்சிட்டேன்." அவளுக்குக் கண் கலங்கியது. "ஆனா அப்பா போன்ல சொல்வார், 'நீ தினமும் மறக்காம தொடுறியே, அது போதும்மா'ன்னு. என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றார்னு நினைச்சேன். இப்போ... அப்பாதான் வர்றாரோன்னு தோணுது சார்."

உம்மணாமூஞ்சி எழுந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்க மேடம். தினமும் நீங்க தொட்ட மாதிரி சிக்னல் போக நான்தான் புரோகிராம் போட்டேன். நிறுத்த மறந்துட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? செத்தவர் வீட்டுலயா விளையாடுவே?" எலெக்ட்ரானிக்ஸ்காரர் பாய்ந்தார். "யாரைக் கேட்டுப் போட்டே?"

"சோதனை விளக்குக்குப் புகார் வர்ற போன் என்கிட்டதானே சார் இருக்கு. மேடத்தோட அப்பா கூப்பிட்டு, 'தம்பி, என் விளக்கு எரியவே மாட்டேங்குது, ரிப்பேரா?'ன்னு கேட்டார்."

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒரு ரிப்பேரும் இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை மேடம்."