பூங்காவனம் பார்த்த இடங்கள்

“ஒரே ஒரு வாய் வாங்கிக்க, பூங்காவனம்.”

லோகநாதன் இட்லியைப் பிட்டு நீட்டினார். அவர் மனைவி கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாளாக இதே பாடுதான். ஞாபகம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கட்டின புருஷனே யாரோ ஒருவனாகிவிட்டான். யாரோ ஒருவன் கையால் எவள் சாப்பிடுவாள்? வேலூர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: “சந்தோஷமா இருந்த இடத்துக்கெல்லாம் ஒருவாட்டி கூட்டிகினு போய்ப் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா மூக்குல டியூப்தான்.”

அதனால் அமாவாசையாக, ஆரணியில் தறி ஓடாத நாளாகப் பார்த்து, மகன் ரஞ்சித்குமாரின் காரில் கிளம்பியிருந்தார்கள். எங்கெங்கே போவது என்று லோகநாதனே சொன்னார். முதலில் செஞ்சிக்கோட்டை, அப்புறம் போளூர் வழியாக ஜவ்வாது மலை, பீமன் அருவி.

செஞ்சியில் கல்யாண மகாலைக் கண்டதும் பூங்காவனம் நின்றுவிட்டாள்.

“இன்னாங்க” என்றாள்.

லோகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். இந்த ‘இன்னாங்க’தான் எல்லாம். அதைக் காதால் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

“இங்கதானே குரங்கு உங்க கூலிங் கிளாஸைப் புடுங்கிகினு ஓடுச்சி?”

“ஆமா, ஆமா.”

“பொரி உருண்டையக் குடுத்து இல்ல திருப்பி வாங்கினீங்க” என்று பல் தெரியச் சிரித்தாள். ரஞ்சித்குமார் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மலை ஏற ஏற, வளைவுக்கு வளைவு பேச்சுதான். பஸ் நின்றுபோய் மழையில் நடந்தது, பலாச்சுளையை மடியில் கட்டிக்கொண்டு வந்தது, எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் லோகநாதன் ‘ஆமா’ போட்டார். பாவி மனுஷன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அருவிக்கு எதிரே பாறையில் உட்கார்ந்தார்கள். “வழுக்கும், கையை வுட்டுடாதீங்க” என்று அவர் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் பயந்துகொண்டே வலது கையால் தயிர்சாதத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று டப்பாவே காலியானது. “நீங்க சாப்டலியே?” என்று வேறு கேட்டாள். லோகநாதனால் தாங்க முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவள் காரில் தூங்கிப்போன பிறகு மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏம்பா, இங்கல்லாம் நீங்க ரெண்டு பேரும் சுத்தினதை ஒரு தபாகூட சொன்னதில்லையே?”

“நானே இன்னிக்குத்தாம்பா மொத தபா பாக்குறேன். உங்கம்மா வந்தது அவ மொத வூட்டுக்காரர் பாலுவோட. கல்யாணமாகி ரெண்டே வருஷத்துல செத்துட்டாரே, அவரு. இந்த எடமெல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

ரஞ்சித்குமார் காருக்குள் தூங்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “தெரிஞ்சே ஏம்பா இங்க கூட்டிகினு வந்தே?” என்றான்.

“முப்பது வருஷமா தறிக்குழியிலயே உக்காந்துட்டேன். நான் கூட்டிகினு போன இடம்னு ஒண்ணாவது இருந்திருந்தா, அங்க போயிருப்பேன்பா.”