கிழக்குப் பார்த்த ஓட்டல்

"ஓட்டலுக்கு அடியில எதுக்கும்மா நாலு டன் ஈயம்?"

எத்திராஜ் இப்படிக் கேட்டதும் ஈவ்லின் தாளைக் கையால் மறைக்கப் பார்த்தாள். வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில்தான் எழுதியிருந்தாள். மனுஷர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத்தான் முதலில் படிக்கிறார்!

புத்தலப்பட்டில், ரோட்டுக்கும் மாந்தோப்புக்கும் நடுவே எத்திராஜின் டிபன் ஓட்டல். பக்கத்துக் காலி மனையில், பழைய காலத்துப் பாய்மரப் படகு மாதிரியே இன்னொரு ஓட்டல் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதை வரைந்து எடுத்துக்கொண்டுதான் ஈவ்லின் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். மேஜையில் விரித்த தாள் பறக்காமலிருக்க ஒரு மூலையில் சாம்பார் வாளி, இன்னொரு மூலையில் தண்ணீர் ஜக்கு.

ஈவ்லின் விசாகப்பட்டினத்தில் நாலு வருஷம் படித்தது கப்பல் வடிவமைப்பு. கிடைத்ததோ, கல்யாண மண்டபங்களுக்கு மேடை வரைகிற வேலை. கடலில் ஓடுகிற ஒன்றை இந்த ஜென்மத்தில் வரையப் போவதில்லை என்று அந்த ஆசையையே தலைமுழுகியிருந்தாள். அப்போது பார்த்து எத்திராஜ் வந்தார்.

அவர் கேட்டது ஓட்டல்தான். ஆனால் பென்சிலைத் தொட்டதும் அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. நாற்பது அடி நீளம், இரண்டு பாய்மரம், அலையைக் கிழிக்கிற மூக்கு, எந்தக் காற்றில் சாய்ந்தாலும் நிமிர்த்திவிடுகிற மாதிரி அடியில் ஈயம். எல்லாம் முடித்து, மேலே ஆறு மேஜை போட்டு 'ஓட்டல்' என்று எழுதிவிட்டாள். தோசை சாப்பிட வருகிறவன் குனிந்து அடிப்பக்கத்தையா பார்க்கப் போகிறான்?

இரண்டு மாதமாக அவளுக்கு அதே நினைப்புதான். ஆபீசில் மேடைக்குத் தாமரை வரைந்துகொண்டிருக்கும்போதே பாய் விரிந்துவிடும். காற்று நிறைந்து, படகு மெல்லச் சாய்ந்து, நீலத்தைத் தவிர எதுவுமே இல்லாத ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு சுகம்! மானேஜர் கூப்பிட்டால்தான் திரும்பி வருவாள்.

"கேக்கறனே, சொல்லும்மா."

"அது... காத்தடிச்சா சாயாம இருக்கண்ணா," என்று இழுத்தாள்.

"தரையில நிக்கற ஓட்டல் எங்கம்மா சாயும்?"

இட்லித் தட்டோடு வந்த எத்திராஜின் மனைவி சுலோசனா சிரித்தாள். "மொதல்ல துன்னும்மா. இந்த மனுசன் உன்ன நல்லாப் படுத்தறாரு. சிமெண்ட் கூடாதாம், தேக்குதான் வேணுமாம். அப்படியே தூக்கி ட்ரெய்லர்ல ஏத்தறாப்போல வேற இருக்கணுமாம்."

"ரோட்ட அகலப்படுத்தறேன்னு மறுபடி வந்தா என்னாடி பண்றது? போன தடவ முன்பக்கம் பூரா இடிச்சினு போனாங்களே, மறந்துட்டியா?"

"அது கூடப் போவட்டும். ரோட்டுக்கு முதுகக் காட்டினு, கிழக்கப் பாத்து நிக்கணுமாமே! பஸ்ஸுல போறவன் பின்பக்கத்தப் பாத்துட்டா டிபனுக்கு எறங்குவான்?"

"வாஸ்து விஷயத்துல வாய் வெக்காத."

"பெரிய வாஸ்து! கப்பல் ஓட்டல் கேக்கற மூஞ்சியப் பாரும்மா. திருமலைக்குப் போனா குளத்துல முழுக்குப் போடவே என் கையப் புடிச்சிக்குவாரு." சட்னி எடுத்துவர அவள் உள்ளே போனாள்.

எத்திராஜ் சிரிக்கவில்லை. மூக்கிலிருந்து வால்வரை படகின் கோட்டின்மேல் விரலை மெதுவாக ஓட்டினார். "பாகுந்தி," என்று தெலுங்கில் தனக்குள் மெச்சிக்கொண்டவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இப்ப நெஜத்தச் சொல்லு. இது என்னா?"

இனி மறைத்துப் பயனில்லை.

"இது நெஜப் படகுண்ணா. தண்ணியில எறக்கினா சமுத்திரத்தையே தாண்டும். நான் வரைஞ்சதுல ஒண்ணாவது அப்படி இருக்கணும்னு ஆச. உங்க ஓட்டலுக்குள்ள அத ஒளிச்சி வெச்சிட்டேன். தப்புதான். இருங்க, அடிப்பக்கத்த அழிச்சிட்டு சாதாரணமாப் போட்டுத் தந்துடறேன். வேலைய மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

ரப்பரை எடுத்துத் தாளில் வைத்தாள். கண் நிறைந்து, எது எந்தக் கோடு என்றே தெரியவில்லை.

எத்திராஜ் ரப்பரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அழிக்கறேன்னு சொல்றியே, நாலு டன்னே பத்துமான்னு நான் யோசிச்சினு கீறேன். ஐப்பசி மாசம் கடலு ரொம்ப ஆட்டுமாமே?"

ஈவ்லின் கண்ணைத் துடைக்கவும் மறந்து விழித்தாள்.

"தண்ணி டேங்கு வேற நூறு லிட்டர்தான் போட்டுகீறே. எனக்கும் சுலோசனாவுக்கும் அந்தமான் போறவரைக்கும் அது எப்படிம்மா போதும்?"

"அப்ப... ஓட்டலு?"

"படகு கட்டறேன்னா ஊரே சிரிக்கும். ஓட்டல்னா எவனும் கேக்க மாட்டான். நீயே கேக்கலியே!"

"ஆனா, வாஸ்துக்காகத்தான் கிழக்கப் பாத்து நிக்கணும்னு சொன்னீங்களேண்ணா?"

எத்திராஜ் மாமரங்களுக்கு மேலே, வெகுதூரத்தில் எதையோ பார்த்தார்.

"வாஸ்தாவது ஒண்ணாவது... அந்தப் பக்கந்தானேம்மா கடலு!"