ஆறு நாற்பது வண்டி

"மூணாவது கடுதாசியும் வந்தாச்சு. இன்னொண்ணு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று டைம்கீப்பர் ஒரு தாளை மேசை மேல் தள்ளினார்.

டிரைவர் எடுத்துப் படித்தார். கையெழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. 'ஆறு நாற்பது பஸ் கடற்கரை நிறுத்தத்தில் தினமும் ஐந்து நிமிடம் நிற்கிறது. போதாததற்கு ஹாரன் வேறு. நேரத்துக்கு எடுக்கச் சொல்லவும்.' பெயர் இல்லை.

"மொட்டைக் கடுதாசிக்கெல்லாமா சார் நடவடிக்கை?"

"மொட்டையோ சடையோ, எழுதியிருக்குறது உண்மையா இல்லையா? அடுத்தது வந்தா உங்களுக்கு லாங் ரூட்டுதான். மூணு நாளைக்கு ஒரு தடவை வீட்டைப் பாக்கலாம்."

டிரைவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. இரண்டு மணிக்கு டூட்டி முடிந்து இவர் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டால்தான் மனைவி வேலைக்குக் கிளம்ப முடியும்.

வெளியே கண்டக்டர் காத்திருந்தான்.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே. ஒரு பொண்ணுக்காக ஐம்பது பேரைக் காக்க வெச்சா யாருக்குத்தான் கோபம் வராது? அதுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் நீங்க ஹாரன் அடிப்பீங்க போல!"

"சும்மா இரு தம்பி. ஓட்டல் லாண்டரியில வேலை பாக்குற புள்ள அது. ஏழே காலுக்குள்ள கேட்டைத் தாண்டலேன்னா வெளியவே நிறுத்திடுவாங்க. அடுத்த பஸ் எட்டு மணிக்கு. வாசல்ல கார் நிக்கிற வீடா அது?"

அந்த ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடல் பார்க்க வந்தவர்கள் வாடகை சைக்கிளில் சுற்றினார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இருந்தது, உப்புக் காற்றில் துருவேறிய இந்த ஒரு பஸ்தான். சந்தை, பள்ளிக்கூடம், பாலம் என்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் அது ஓட்டலுக்குப் போகும்.

கடற்கரை நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் அந்தப் பெண்ணின் வீடு. ஆறு நாற்பதுக்கு அவள் தலை தெரியாது. டிரைவர் ஹாரனை அழுத்துவார். மூன்றாவது ஹாரனுக்கு அவள் அம்மாவின் குரல் மட்டும் வெளியே வரும். "உனக்காக பஸ்ஸே நிக்குது, இன்னும் என்னடி ஆடி அசைஞ்சுக்கிட்டு?" அதன் பிறகுதான் அவள் வருவாள். செருப்பிலிருந்து மணலைத் தட்டுவாள். நாலு அடி நடந்து மறுபடி தட்டுவாள். யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி உட்காருவாள். ஒரு நாள்கூட நன்றி சொன்னதில்லை.

"கூச்ச சுபாவம்" என்பார் டிரைவர்.

"கொழுப்பு" என்பான் கண்டக்டர்.

"எழுதினது வாத்தியாரா இருக்குமோ?" என்றார் டிரைவர். "தினம் வாட்சைப் பாத்து உச்சுக் கொட்டுவாரே."

"எனக்கு அந்த ஐஸ்காரன் மேலதான் சந்தேகம். நம்ம வண்டியைக் கண்டாலே முறைக்கிறான்."

"அவன் பஸ்ஸுல ஏறவே மாட்டானே. சொந்தமா மூணு சக்கரம் வெச்சிருக்கான்."

"கடற்கரை ஸ்டாப் தென்னை மரத்தடியில அவனும் தினம் நிக்கிறான்ல? நாம வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறோம், அவன் பெட்டியில ஐஸ் உருகி ஓடுது. கீழே குளமாக் கெடக்குறதை நீங்க பாத்ததில்ல?"

மறுநாள் காலை ஆறு நாற்பது. கடற்கரை நிறுத்தத்தில் எல்லாரும் ஏறியாயிற்று. டிரைவரின் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது.

"அண்ணே, குழந்தை முகத்தை நெனைச்சுக்குங்க" என்ற கண்டக்டர் அவர் பதிலுக்குக் காத்திராமல் விசில் ஊதினான்.

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டார். பக்கத்துக் கண்ணாடியில் அவள் சந்து முனைக்கு வருவது சின்னதாகத் தெரிந்தது. பெற்ற பெண்ணை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வந்தது போல இருந்தது அவருக்கு.

"என்ன டிரைவர், இன்னைக்கு நேரத்துக்கே எடுத்துட்டீங்க?" என்று பின்னாலிருந்து வாத்தியார் அலுத்துக்கொண்டார். "நீங்க நிப்பீங்கன்னு நம்பித்தான் டீ சொல்வேன். பாதியில வெச்சுட்டு ஓடி வர்றேன்."

அப்படியானால் எழுதியது வாத்தியார் இல்லை. சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆட்களை இறக்கி, பாலத்தைச் சுற்றி ஓட்டல் வாசலில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தியபோது மணி ஏழு பத்து. இந்நேரம் அந்தப் பெண் கடலோரமாகப் பாதி தூரம்கூட நடந்திருக்க மாட்டாள். அவள் வேலை இனி அவ்வளவுதான்.

கேட்டுப் பக்கம் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடலோர நடைபாதையிலிருந்து ஐஸ்காரனின் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. ஐஸ் பெட்டியின் மேல் மடித்துப் போட்டிருந்த சாக்கிலிருந்து அவள் குதித்து இறங்கினாள். என்றைக்கும் முறைக்கிற ஐஸ்காரன், டிரைவரைப் பார்த்து ஒரு சலாம் வைத்தான். ஒரு நாளும் வேகமாக நடந்தறியாத அந்தப் பெண், டிரைவர் ஜன்னலை நோக்கி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தினமும் இதே மாதிரி எடுத்துடுங்கண்ணே" என்றாள் மூச்சு வாங்க. "இந்த ஒரு நாளுக்கு நான் மூணு கடுதாசி எழுத வேண்டியதாப் போச்சு!"