கடைசியில் ஏறுகிறவர்

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஒருத்தர் பாக்கி."

"அந்த ஆளேதானா?" டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த ஆளேதான். இலையுதிர்காலச் சுற்றுலா கிளம்பிய முதல் நாளே பஸ்ஸில் அவருக்கு 'லேட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏரி, அருவி, மலை முகடு, எங்கே இறக்கிவிட்டாலும் கடைசியில் வந்து ஏறுவது அவர்தான்.

இப்போதும் ஸ்வெட்டரை மாட்டியபடியே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னிக்கணும். புது ஊராச்சேன்னு சும்மா ஒரு சந்துல நுழைஞ்சேன். அங்கே ஒருத்தர் குடைக்குக் கைப்பிடி மட்டும் செஞ்சு விக்கறார். ஒண்ணுல வாத்து மூஞ்சி, ஒண்ணுல குதிரை மூஞ்சி. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்."

"குடைக் கைப்பிடிக்காகவா இத்தனை பேரைக் காக்க வெச்சீங்க?"

முன் சீட்டிலிருந்து கேட்டவர் டீச்சரம்மா. புவியியல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். குரல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

"எனக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. நானே வந்து உக்காந்துட்டேன். கல்லு மாதிரி இருக்கீங்க, உங்களுக்கு என்ன கேடு?"

"தப்புதான் டீச்சரம்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு அக்காவை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

டீச்சரம்மா திட்டுவதில் நியாயம் இருந்தது. சர்வீஸ் முழுக்கக் கரும்பலகையில் ஆறும் மலையுமாக வரைந்து தள்ளியவர், ஒரு ஆற்றையும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. 'உன்னால நடக்க முடியாதும்மா, கூட வர்றவங்களுக்குத்தான் தொல்லை' என்று மகன் தடுத்தும் கேளாமல் கிளம்பியவர். முதல் நாளே கைடின் மைக்கைப் பிடுங்கிப் பஸ்ஸுக்கே அறிவித்துவிட்டார்.

"என்னால ஒரே ஒரு தடவை பஸ் காத்துக்கிட்டு நின்னாலும், அங்கேயே இறங்கி ஊருக்குப் போயிடுவேன்!"

"சொன்னா செஞ்சிடுவா சார்" என்று தங்கை கைடின் காதில் கவலையோடு சொல்லி வைத்தாள்.

காலையில் ஏரிக்கரையில் டீச்சரம்மாவைப் பார்க்க வேண்டுமே! தண்ணீருக்குள் கையை விட்டுவிட்டு எடுக்கவே மனசில்லாமல் நின்றார்.

"இதைத்தான்டி இத்தனை வருஷமா நீலச் சாக்பீஸ்ல வரைஞ்சுக்கிட்டிருந்தேன். இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு பசங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

கம்பியைப் பிடித்துப் பிடித்து, வழியில் உதிர்ந்து கிடந்த இலைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு, எப்படியோ லேட்டுக்கு முன்னால் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

கைடுக்கு இப்போது வேறு தலைவலி.

"எங்களை ஏன் அந்தக் குடைக்கடைச் சந்துக்குக் கூட்டிட்டுப் போகலை?" என்று பின் சீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கைடு அந்த ஊருக்கு வந்து போய்ச் சலித்தவர். அப்படி ஒரு சந்து இருப்பதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. தன் தொழிலுக்கே வந்த அவமானமாக நினைத்து, அடுத்து இறங்கிய கோட்டையில் லேட்டின் பின்னாலேயே போனார்.

லேட்டு எந்தச் சந்திலும் நுழையவில்லை. கோட்டையை விறுவிறுவென்று ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோருக்கும் முன்னால் திரும்பி வந்தார். பஸ்ஸில் ஏறாமல் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் ஏறி முடித்த பிறகு, நிதானமாக ஸ்வெட்டரைக் கழற்றினார். அதைத் திரும்ப மாட்டியபடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னிக்கணும். ஒரு வீட்டு மாடிப்படியில கிளி ஒண்ணு கூட்டல் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தது..."

கைடு பல்லைக் கடித்துக்கொண்டார்.

அன்று மாலை ஹோட்டல் சாப்பாட்டு ஹாலில் பஞ்சாயத்துக் கூடியது. தலைமை, டீச்சரம்மா.

"நாளைக்குச் செவ்விலைக் காடு. அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்? இந்த மனுஷனை நம்பினா இருட்டினப்புறம்தான் போய்ச் சேருவோம். நாளைக்கு அவர் ஹோட்டல்லயே இருக்கட்டும். சரிங்கறவங்க கை தூக்குங்க."

தூக்காத கை இல்லை. டிரைவர் இரண்டு கையையும் தூக்கினார். லேட்டு ஒருவர்தான் தூக்கவில்லை. அவர் இன்னும் சாப்பிடவே வரவில்லை.

தீர்ப்பைச் சொல்லக் கைடு அவரைத் தேடிப் போனார். ஹாலுக்கு வெளியே ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தார் லேட்டு.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்னு முடிவாயிடுச்சு."

லேட்டின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்க சார்! நான் காட்டைப் பார்க்கக்கூட வேண்டாம். வாசல்லயே ஓரமா நின்னுக்கறேன். பஸ்ல மட்டும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"காட்டைப் பார்க்காம எதுக்குய்யா காட்டுக்கு வரணும்? குடைக் கைப்பிடி, கணக்குக் கிளின்னு காதுல பூ சுத்தினது போதும். கவுன்ட்டருக்குப் பின்னால ஒளிஞ்சிருந்ததை என் கண்ணால பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால வந்துட்டு எதுக்கு ஒளியறீங்க? இத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கறதுல அப்படி என்ன சந்தோஷம் உங்களுக்கு?"

லேட்டு பதறிப்போய் ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க சார், உள்ளே கேட்டுடப் போகுது. நான் வரலேன்னா, நாளைக்குக் கடைசியா பஸ் ஏறப்போறது டீச்சரம்மா இல்லையா?"