ராஜகுமாரன் முகம்

பொம்மலாட்டத்துக்குப் பொம்மை செதுக்கும் தேவிப்ரியா, தெரிந்தவர்களின் முகங்களைத்தான் மரத்தில் கொண்டுவருவாள். அரக்கன், செங்கம் ரோட்டு டீக்கடைக்காரர். மந்திரி, பேங்க் மேனேஜர். புது ராஜகுமாரன் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

கூர்மூக்கு, அடர்ந்த முடி. அந்தக் கன்னத்தை அவள் உப்புத்தாளால் பதமாகத் தேய்த்ததைப் பார்த்து, கணவன் அருள்ராஜுக்கு வயிறு எரிந்தது. பௌர்ணமி கிரிவலத்தில் உடன் நடந்த ஆண்களின் மூக்கையெல்லாம் பார்த்துக்கொண்டே போனான். யாருடையதும் பொருந்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "யாரு அவன்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோல பாத்தேன். பாத்ததுமே புடிச்சுப்போச்சு."

"அந்த போட்டோவ இன்னும் வெச்சிருக்கியா?"

"அத பாத்துதான செதுக்கினேன். உளிப்பெட்டில இருக்கு."

அவன் ஆத்திரத்தோடு உளிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோவை எடுத்தான்.

எட்டு வருடத்துக்கு முன் பெண் கேட்டபோது அவன் அம்மா கொடுத்தனுப்பிய போட்டோ. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் அவன் மூக்கைச் சீவி, நெற்றிக்கு மேல் முடி வைத்து, நிறத்தையும் ஏற்றியிருந்தார்.

"இது நான்தானே" என்றான், குரல் இறங்கி.

தேவிப்ரியா போட்டோவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படிங்களா? எட்டு வருஷமா நானும் இந்த ஆளத்தான் தேடிக்கினு இருக்கேன்."