உடைக்காத தேங்காய்

மூன்றே நாள் காய்ச்சலில் ஒன்பது வயது மகனைப் பறிகொடுத்ததிலிருந்து, தான் செய்த குற்றம் என்னவென்று பூங்கோதை தேடிக்கொண்டே இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா போனார்களா? "ஏதாவது வேண்டுதல் நின்னுபோச்சா, யோசிச்சுப் பாரு" என்றுவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் மாதம் ஒருவழியாக அகப்பட்டது. பத்து வயதில், கணக்கில் தேறினால் சிதறுகாய் போடுவதாகத் தெருமுனைப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாள், போடவில்லை. அது நினைவுக்கு வந்த அன்றைக்குத்தான், மகன் போனபிறகு முதல்முறையாக, வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் தேங்காயோடு வந்து நின்றவளிடம் விவரம் கேட்ட குருக்கள் சிரித்தார். "இந்தப் பிள்ளையாரைப் பிரதிஷ்டை பண்ணியே பன்னெண்டு வருஷம்தான் ஆறதும்மா. நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ இங்கே சைக்கிள் கடைன்னா இருந்தது! உம்மேல ஒரு குத்தமும் இல்லே. நிம்மதியாப் போ."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சாமி" என்று அவள் கெஞ்சினாள். "இங்கதான் வேண்டிக்கிட்டேன்."

குருக்கள் நடை சாத்திக்கொண்டு போன பிறகும் அவள் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த தேங்காயின் குடுமியை, வகிடு எடுப்பதுபோல், விரலால் கோதிக்கொண்டே இருந்தாள்.